தேம்ஸ் ஆற்றில் மரபும் மகளிரும்

சான்றோர் ஒரு பொருளை எவ்வாறு வழங்கினரோ அவ்வாறே வழங்குதல் மரபு என்று தமிழ் மாணாக்கர் கற்கின்றனர். மொழியைக் காப்பதற்கு இவ்விளக்கம் பெருந்துணை புரிந்துள்ளது. ஆயினும் மொழியைக் கடந்து, சமுதாய வாழ்வில் மரபைப் பற்றிப் பேசும்போது இரண்டு வினாக்கள் எழுகின்றன. அந்தச் சான்றோர் யாவர்? அவர்தம் வழக்கில் தொன்றுதொட்டு வந்தது எது, நேற்று வந்து சேர்ந்தது எது?

கடற்செலவு மகளிரோடு இல்லை என்று தொல்காப்பியம் கூறுகின்றது. அந்நூற்பாவைப் பாடஞ்சொல்லும் மலேசியத் தமிழாசிரியர் பலரின் பாட்டிமார் கடல் கடந்து வந்தவர்களே. நூலில் விதி நின்றது, வாழ்க்கை கப்பலேறிவிட்டது. விதிக்கும் வாழ்க்கைக்கும் இடையே உள்ள இத்தகைய இடைவெளி தமிழருக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்து நாட்டின் தேம்ஸ் ஆற்றில் நடைபெற்றுவரும் படகுப் பந்தயங்களின் வரலாறு அதற்குத் தக்க சான்றாகும். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் என்னும் இரு பல்கலைக்கழகங்களின் ஆடவர் 1829ஆம் ஆண்டில் முதன்முதலாகப் படகில் மோதினர். அதே ஆற்றில், அதே தொலைவில், அதே நாளில் மகளிரும் மோதுவதற்கு 2015ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட 186 ஆண்டுகளில் மகளிருக்குக் கூறப்பட்ட விடைகளுள் முதன்மையானது ‘மரபு’ என்னும் ஒரு சொல்லே.

ஆற்றை முதலில் அறிந்தவர்கள்

கல்லூரி மாணவர் விளையாட்டாகத் துடுப்பைக் கையிலெடுப்பதற்கு நெடுங்காலம் முன்பே தேம்ஸ் ஆறு படகோட்டித் தொழிலாளரின் ஆறாக இருந்தது. பாலங்கள் அரிதாயிருந்த இலண்டன் மாநகரில் மக்களை அக்கரை சேர்ப்பதும் சரக்குகளைக் கொண்டு செல்வதும் அவர்கள் தொழில். தாமஸ் டாகெட் என்னும் நடிகர், தொழிற்பயிற்சி முடித்த இளம் படகோட்டிகளுக்காக 1715ஆம் ஆண்டில் ஒரு பந்தயத்தைத் தொடங்கி வைத்தார். செந்நிற மேலங்கியும் வெள்ளிப் பதக்கமும் பரிசாகத் தரும் அப்பந்தயம் இன்றும் நடைபெறுகின்றது. ஆகவே, பல்கலைக்கழகப் பந்தயத்தைவிடத் தொழிலாளர் பந்தயம் நூறு ஆண்டுகளுக்கு மேல் மூத்தது.

தொழிலாகத் துடுப்பு வலித்தவர்களுள் பெண்களும் இருந்தனர். இங்கிலாந்தின் தென்மேற்கே கார்ன்வால் பகுதியில் உள்ள சால்டாஷ் என்னும் ஊரில் பிறந்து 1880ஆம் ஆண்டில் மறைந்த ஆன் கிளான்வில் என்னும் பெண்மணி, படகோட்டியே குடும்பத்தைக் காத்தவர். அவரும் அவ்வூர்ப் பெண்களும் சேர்ந்த அணி, ஊர்தோறும் நடந்த பந்தய விழாக்களில் ஆடவர் அணிகளையும் எதிர்த்து நின்று வென்றது. பெண்ணின் உடல் துடுப்பு வலித்தலைத் தாங்காது என்று அக்காலத்தில் எவரும் அவரிடம் சென்று கூறியிருந்தால், அவர் அதை நகைச்சுவையாகவே கொண்டிருப்பார்.

ஐரோப்பாவில் இன்னும் பின்னோக்கிச் சென்றால் வெனிஸ் நகரம் குறுக்கிடுகின்றது. அங்கே 1493ஆம் ஆண்டில், பியாத்ரிசே தெஸ்தே என்னும் இளவரசியின் வருகையைச் சிறப்பிக்கப் பெண்களின் படகுப் பந்தயம் நடத்தப்பட்டது. சுற்றியுள்ள தீவுகளிலிருந்து காய்கறிகளைச் சந்தைக்குத் தாமே படகில் ஓட்டிவந்த உழைப்பாளிப் பெண்களுக்கு அது புதிய கலையன்று. நாள்தோறும் செய்த வேலை. 18ஆம் நூற்றாண்டில் மரியா போஸ்கோலா என்பவர் அங்கே பலமுறை வெற்றி பெற்றுப் புகழடைந்தார்.

இச்செய்திகள் ஓர் உண்மையை உணர்த்துகின்றன. பெண் படகோட்டுதல் மரபுக்குப் புறம்பானதன்று. உழைக்கும் மக்களின் மரபில் அது இருந்தது. விளையாட்டுக்கு விதி எழுதியவர்களின் மரபில்தான் அது இல்லை.

மாறிக்கொண்டே வந்த மரபு

ஹாரோ பள்ளியில் ஒன்றாகப் படித்த நண்பர் இருவர் வேறு வேறு பல்கலைக்கழகங்களில் சேர்ந்தனர். ஒருவர் ஆக்ஸ்போர்டில் பயின்ற சார்லஸ் வேர்ட்ஸ்வொர்த். கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தின் தம்பி மகன். மற்றவர் கேம்பிரிட்ஜில் பயின்ற சார்லஸ் மெரிவேல். இவர்கள் முயற்சியால் 1829ஆம் ஆண்டு ஜூன் மாதம் 10ஆம் நாள் ஹென்லி என்னும் ஊரின் அருகே முதற்பந்தயம் நடந்தது. ஆக்ஸ்போர்டு வென்றது.

பின்னாளில் அசைக்க முடியாத மரபு என்று போற்றப்பட்ட பந்தயம் தொடக்கத்தில் எத்தனை நிலையற்றதாய் இருந்தது என்பது கருதத்தக்கது. இரண்டாம் பந்தயம் ஏழு ஆண்டுகள் கழித்து, 1836இல், இலண்டனில் வெஸ்ட்மின்ஸ்டரிலிருந்து பட்னி வரை நடைபெற்றது. கேம்பிரிட்ஜின் அடையாளமாக இன்று உலகறிந்த இளநீல வண்ணம் அந்த ஆண்டில்தான் வந்து சேர்ந்தது. பட்னியிலிருந்து மோர்ட்லேக் வரை செல்லும் இன்றைய தடம் 1845இல் அமைந்தது. அதன் நீளம் 4 மைல் 374 கெஜம்; அதாவது ஏறத்தாழ 6.8 கிலோமீட்டர். அதற்குப் பின்னும் 1846, 1856, 1863 ஆகிய மூன்று ஆண்டுகளில் பந்தயம் மோர்ட்லேக்கிலிருந்து பட்னிக்கு எதிர்த்திசையில் ஓடியது. ஆண்டுதோறும் நடத்தும் வழக்கமே 1856இல்தான் நிலைபெற்றது.

படகும் மாறிற்று. துடுப்பைத் தாங்கும் இரும்புக் கைகள் படகின் விளிம்புக்கு வெளியே நீட்டப்பட்டன. அடிக்கட்டை நீங்கிப் படகு மெல்லியதாயிற்று. 1873ஆம் ஆண்டில் நகரும் இருக்கைகள் வந்தன. அதற்கு முன் முதுகாலும் தோளாலும் வலித்தவர்கள், இனிக் கால்களின் வலிமை முழுவதையும் துடுப்புக்குச் செலுத்தக் கற்றனர். துடுப்பு வலிக்கும் முறையே தலைகீழாக மாறியது எனலாம். இம்மாற்றங்களால் மரபு அழிந்துவிட்டது என்று எவரும் புலம்பவில்லை. வெற்றிக்கு உதவும் மாற்றம் முன்னேற்றம் என்று பெயர் பெற்றது. படகில் அமர்பவர் யார் என்னும் வினா எழுந்தபோதுதான் மாற்றத்துக்கு மரபுக்கேடு என்னும் பெயர் வந்தது.

இரண்டு வேலிகள்

இந்த ஆற்றில் வேலிக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் பெண்கள் மட்டுமல்லர். ஹென்லியில் 1839ஆம் ஆண்டு தொடங்கிய பந்தய விழா, இளவரசர் ஆல்பர்ட்டின் ஆதரவால் 1851 முதல் ‘ராயல்’ என்னும் அடைமொழி பெற்றது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவ்விழாவை நடத்தியோரும், 1882இல் அமைந்த அமெச்சூர் படகோட்டிகள் சங்கத்தாரும் ஒரு விதியைக் கடைப்பிடித்தனர். கூலிக்குப் படகோட்டியவர் மட்டுமன்று, கைத்தொழிலாளரும் கம்மியரும் உடலுழைப்பாளரும்கூட அமெச்சூர் ஆகார் என்பதே அவ்விதி. உடலால் உழைப்பவர் உரம் பெற்றுவிடுகின்றனர்; ஆகவே கனவான்களோடு அவர் மோதுவது முறையன்று என்று காரணம் காட்டப்பட்டது. பெண்களுக்கோ, உடலில் உரம் போதாது என்பது காரணமாயிற்று. வலிமை மிகுந்தமையால் தொழிலாளி விலக்கப்பட்டான். வலிமை குறைந்தமையால் பெண் விலக்கப்பட்டாள். காரணங்கள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. வேலி மட்டும் ஒன்றாகவே இருந்தது.

இவ்வொற்றுமையை அன்றே கண்டவர் பிரெடெரிக் ஜேம்ஸ் பர்னிவால். 1825இல் பிறந்து 1910இல் மறைந்த இவர் மொழிப் பணியால் தமிழாசிரியரின் மதிப்புக்கும் உரியவர். பிற்காலத்தில் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியாக மலர்ந்த பெருந்திட்டத்தின் தொடக்கக்காலப் பதிப்பாசிரியருள் ஒருவர். பழைய ஆங்கில ஏடுகளை அச்சேற்றுவதற்கென 1864இல் ஒரு கழகம் கண்டவர். தொழிலாளர் கல்லூரியில் பாடஞ்சொன்னவர். ஏட்டுப் பணியில் பழைமையை உயிர்போல் காத்த இப்பெரியார், ஆற்றில் பழைமையின் பெயரால் போடப்பட்ட வேலியை ஏற்கவில்லை. உழைப்பாளரை விலக்கும் விதிக்கு எதிராக 1890இல் உருவான தேசிய அமெச்சூர் படகோட்டிகள் சங்கத்துக்குத் துணை நின்றார். 1896ஆம் ஆண்டில் ஹேமர்ஸ்மித் பகுதியில் பெண்களுக்கென்றே ஒரு படகுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தேநீர்க் கடைகளில் வேலை செய்த இளம்பெண்கள் அங்கே வந்து ஞாயிற்றுக்கிழமைகளில் துடுப்பு வலித்தனர். சில ஆண்டுகள் கழித்து ஆடவரும் அச்சங்கத்தில் சேர்க்கப்பட்டனர். அன்று பெண்களுக்காகத் தொடங்கப்பட்ட சங்கம் பின்னர் அவர் பெயரையே தாங்கியது.

பழந்தமிழ் ஏடுகளைத் தேடிப் பதிப்பித்தோரைப் போற்றும் தமிழுலகுக்குப் பர்னிவாலின் வாழ்வு ஒரு பாடமாகும். மரபை நன்கு அறிந்தவரே, எது மரபு, எது மரபின் பெயரால் வந்த வழக்கம் என்று பிரித்தறிய வல்லவர்.

தொழிலாளருக்கு எதிரான வேலியின் பெயர்பெற்ற இலக்கு ஜான் கெல்லி. அமெரிக்க நாட்டுப் பிலடெல்பியாவில் செங்கல் அடுக்கும் தொழில் செய்து முன்னேறிய அவர், 1920ஆம் ஆண்டில் ஹென்லியில் தனிப்படகுப் போட்டிக்கு விண்ணப்பித்தார். விண்ணப்பம் மறுக்கப்பட்டது. அவர் கைத்தொழில் செய்தவர் என்பதும், அவர் சார்ந்திருந்த சங்கத்தின்மீது முன்பே இருந்த தடையும் காரணங்களாகக் கூறப்பட்டன. அதே ஆண்டு ஆண்ட்வெர்ப் நகர ஒலிம்பிக்கில் அவர் தங்கப் பதக்கம் வென்றார். 1936ஆம் ஆண்டில் காவலர்களைக் கொண்ட ஆஸ்திரேலிய அணி இதே விதியால் தடுக்கப்பட்டபோது எழுந்த கண்டனத்துக்குப் பின், 1937இல் அவ்விதி நீக்கப்பட்டது. தொழிலாளியின் வேலி வீழ்ந்தது. பெண்களின் வேலி வீழ்வதற்கு மேலும் பல்லாண்டுகள் ஆயின.

1927: அழகுக்கு மதிப்பெண்

மகளிர் பந்தயத்தின் வரலாற்றை மகளிர் கல்வியின் வரலாற்றிலிருந்து பிரிக்க இயலாது. கேம்பிரிட்ஜின் கர்ட்டன் கல்லூரி 1869இலும் நியூன்ஹாம் கல்லூரி 1871இலும் தோன்றின. ஆக்ஸ்போர்டில் லேடி மார்கரெட் ஹாலும் சாமர்வில்லும் 1879இல் மாணவியரை ஏற்றன. நியூன்ஹாம் மாணவியர் 1893ஆம் ஆண்டிலேயே படகுச் சங்கம் அமைத்துக்கொண்டனர். ஆயினும் பெண்களுக்குப் பட்டம் வழங்க ஆக்ஸ்போர்டு இசைந்தது 1920ஆம் ஆண்டில்தான். கேம்பிரிட்ஜ் பெண்களை முழு உறுப்பினராக ஏற்கவில்லை என்று 1921இல் முடிவானபோது, அம்முடிவைக் கொண்டாடிய ஆடவர் கூட்டம் நியூன்ஹாம் கல்லூரியின் வெண்கலக் கதவுகளை உடைத்துச் சேதப்படுத்தியது. கேம்பிரிட்ஜ் பெண்கள் பட்டம் பெற்று முழு உறுப்பினராவதற்கு 1948ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது.

இத்தகைய சூழலில்தான் 1927ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள், ஆக்ஸ்போர்டு நகரில் ஐசிஸ் என்று வழங்கப்படும் தேம்ஸ் ஆற்றுப் பகுதியில் மகளிரின் முதற்பந்தயம் நடந்தது. பந்தயம் என்று பெயரே ஒழிய இரு படகுகளும் ஒருங்கே ஓடவில்லை. ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஆற்றில் இறங்கின. விரைவுக்கு மட்டுமன்றி, துடுப்பு வலிக்கும் அழகுக்கும் நடுவர்கள் மதிப்பிட்டனர். பக்கத்தில் பக்கமாக மோதுவது பெண்மைக்குப் பொருந்தாது என்று கருதிய காலம் அது. வெற்றி ஆக்ஸ்போர்டுக்குக் கிடைத்தது.

அன்று கரையில் திரண்ட கூட்டத்தைப் பற்றிச் செய்தித்தாள்கள் முரண்பட்டே எழுதின. இலண்டன் நாளிதழ் ஒன்று, பகையுணர்வு கொண்ட பெருங்கூட்டம் என்றது. நியூயார்க் நாளிதழ் ஒன்று, ஐயாயிரம் பேர் ஆரவாரித்து ஊக்கினர் என்றது. கண்டவரின் கண்ணுக்கேற்பக் காட்சி அமைந்தது போலும். அதே 1927ஆம் ஆண்டில், சில வாரங்கள் கழித்து நடந்த ஆடவர் பந்தயத்தைப் பி.பி.சி. வானொலி முதன்முறையாக நேர்முக வருணனை செய்து நாடெங்கும் ஒலிபரப்பியது. ஆடவர் பந்தயம் நாட்டு மக்கள் அனைவரின் விழாவாக வளர்ந்த அந்த ஆண்டில், மகளிர் பந்தயம் நடையழகுத் தேர்வாகவே தொடங்கியது. இவ்வாறு ஒன்றின் புகழும் மற்றொன்றின் எளிமையும் ஒரே ஆண்டில் உறுதியாயின.

வறுமையும் விடாமுயற்சியும்

மரபு என்னும் சொல்லுக்குப் பின்னே பணம் மறைந்து நிற்பதை அடுத்த காலம் காட்டுகின்றது. எண்மர் அமரும் பந்தயப் படகு விலையுயர்ந்தது. துடுப்பு, படகுக்கூடம், பயிற்றுநர், உணவு, பயணம் என்று செலவுகள் தொடர்வன. ஆடவர் சங்கங்களுக்குப் பழைய மாணவரின் கொடையும் பொதுமக்களின் ஆர்வமும் துணை நின்றன. மகளிர் இரவல் படகுகளையும் தம் கைப்பணத்தையும் நம்பினர். நிதி நெருக்கடியால் 1952ஆம் ஆண்டுக்குப் பின் மகளிர் பந்தயம் நின்றுபோயிற்று. 1964இல்தான் மீண்டும் உயிர்பெற்றது. 1960களிலும் கேம்பிரிட்ஜ் ஆடவர் கல்லூரி ஒன்றின் படகுத் தலைவர், பெண்கள் துடுப்பு வலிப்பது காணச் சகிக்காதது என்றும் உடற்கூற்றுக்கு ஒவ்வாதது என்றும் மகளிர் சங்கத்துக்குக் கடிதம் எழுதினார்.

உடற்கூறு பற்றிய இவ்வெண்ணம் அவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. 1976ஆம் ஆண்டு மான்ட்ரியால் ஒலிம்பிக்கில் மகளிருக்கு முதன்முறையாகப் படகுப் போட்டிகள் சேர்க்கப்பட்டன. ஆனால் ஆடவருக்கு 2,000 மீட்டர் என்றிருந்த தொலைவு மகளிருக்கு 1,000 மீட்டராகக் குறைக்கப்பட்டது. ஒலிம்பிக்கில் இருவருக்கும் ஒரே தொலைவு என்பது 1988ஆம் ஆண்டு சோல் நகரில்தான் நிறைவேறியது. பாதித் தொலைவே பெண்ணால் இயலும் என்ற நம்பிக்கை, முழுத் தொலைவையும் பெண்கள் ஓடி முடித்ததும் சொல்லாமல் மறைந்தது.

அதே 1976ஆம் ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் நடந்த நிகழ்ச்சியும் இங்குக் குறிப்பிடத்தக்கது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பந்தயத்தைப் போலவே யேல், ஹார்வர்டு பல்கலைக்கழகங்களின் பந்தயமும் 1852 முதல் பெருமை பெற்றது. யேல் மகளிர் அணியினர்க்குப் படகுக்கூடத்தில் குளிப்பறை இல்லை. குளிர்காலத்தில் ஆற்றுநீரில் நனைந்தபடி, ஆடவர் குளித்து உடைமாற்றி வரும்வரை அவர்கள் பேருந்தில் காத்திருந்தனர். கல்வி நிலையங்களில் பால் வேற்றுமை காட்டுவதைத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டம் 1972இலேயே வந்துவிட்டது. அதன் பயனைக் காணாத பத்தொன்பது பெண்கள், அணித் தலைவி கிறிஸ் எர்ன்ஸ்ட் முன்செல்ல, அச்சட்டப் பிரிவின் பெயரைத் தம் வெற்றுடலில் எழுதிக்கொண்டு அலுவலகத்தில் நின்று தம் குறையைப் படித்தனர். செய்தி நாளிதழ்களில் வெளிவந்தது, வசதிகள் பின்தொடர்ந்தன. சட்டம் ஏட்டில் இருப்பது வேறு, குளிப்பறையில் வெந்நீர் வருவது வேறு என்பதை உலகம் கண்டது.

ஆடவர் படகில் முதல் மாற்றம் 1981ஆம் ஆண்டில் வந்தது. ஆக்ஸ்போர்டு ஆடவர் அணியின் சுக்கானைப் பிடித்தவர் சூ பிரவுன் என்னும் மாணவி. படகை வழிநடத்துபவரும், துடுப்பாளர்க்கு ஆணையிடுபவரும் சுக்கான் பிடிப்பவரே. அவ்வாண்டும் மறு ஆண்டும் அவர் நடத்திய படகே வென்றது. எட்டு ஆடவரை ஒரு பெண் ஆணையிட்டு நடத்தலாம் என்பது ஏற்கப்பட்டது. எட்டுப் பெண்கள் அதே தடத்தில் துடுப்பு வலிக்கலாம் என்பது ஏற்கப்பட மேலும் 34 ஆண்டுகள் ஆயின என்பதே வியப்பு.

2015: ஒரே ஆறு, ஒரே நாள்

மகளிர் பந்தயம் 1977 முதல் ஹென்லியில், 2,000 மீட்டர் நேர்த்தடத்தில் நடைபெற்றது. அங்கே கூட்டம் குறைவு, தொலைக்காட்சி வருவதில்லை. ஆயினும் அதற்கென்று ஓர் அமைதியும் தோழமையும் இருந்தன. இலண்டன் தடம் கடலின் ஏற்றவற்றத்துக்கு உட்பட்டது, வளைவுகள் மிக்கது, காற்றெழுந்தால் அலை மிகுவது. அத்தடத்துக்குப் பெண்களைக் கொண்டுவருவது அறிவுடைமையாகுமா என்று ஐயுற்றோர் அனைவரும் தீய எண்ணம் கொண்டவர் அல்லர். ஆனால் அந்த ஐயத்தைத் தீர்க்கும் உரிமை துடுப்பு வலிப்பவருக்கே உரியது.

மாற்றத்துக்கு வழி திறந்தது பணம்தான் என்பதை மறைக்க வேண்டியதில்லை. நியூட்டன் என்னும் முதலீட்டு நிறுவனம் மகளிர் பந்தயத்தின் புரவலராயிற்று. அதன் தலைவியாய் இருந்த ஹெலினா மாரிஸ்ஸி, ஆடவர்க்கும் மகளிர்க்கும் ஒத்த ஆதரவு வேண்டும் என்று வற்புறுத்தினார். நியூட்டனின் தாய் நிறுவனம் ஆடவர் பந்தயத்தின் புரவலர் பொறுப்பை ஏற்றபோது இரண்டையும் இணைப்பது எளிதாயிற்று. 2015ஆம் ஆண்டு முதல் மகளிர் பந்தயமும் இலண்டன் தடத்தில் நடைபெறும் என்று 2012ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. அவ்வாறே 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள், பட்னியிலிருந்து மோர்ட்லேக் வரை பெண்களின் இரு படகுகள் பக்கத்தில் பக்கமாக ஓடின. ஆக்ஸ்போர்டு வென்றது.

அடுத்த ஆண்டே தடம் தன் கடுமையைக் காட்டியது. 2016இல் அலைகள் எழுந்து கேம்பிரிட்ஜ் மகளிரின் படகில் நீர் நிறைந்தது. படகு மூழ்கிவிடுமோ என்ற நிலையிலும் அவர்கள் விடாது வலித்துத் தொலைவை முடித்தனர். இதைக் காட்டிப் பெண்களுக்கு இத்தடம் ஆகாது என்று வாதிட எண்ணுவோர் 1912ஆம் ஆண்டை நினைவுகூர வேண்டும். அவ்வாண்டு ஆடவரின் இரு படகுகளிலும் நீர் புகுந்து, பந்தயம் மறுமுறை நடத்தப்பட்டது. ஆடவருக்கு அத்தடம் ஆகாது என்று அன்று எவரும் முடிவு கட்டவில்லை.

2017இல் கேம்பிரிட்ஜ் மகளிர் அத்தடத்தை 18 நிமிடம் 33 வினாடியில் கடந்தனர். 1900ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் ஆடவர் எடுத்துக்கொண்ட நேரம் 18 நிமிடம் 45 வினாடி. நீரோட்டமும் காற்றும் ஆண்டுக்காண்டு மாறுவன. படகும் பயிற்சியும் இக்காலத்தில் மேம்பட்டுள்ளன. ஆகவே இவ்வெண்களைக் கொண்டு பெண்ணே வலியவள் என்று கூறுதல் பொருந்தாது. ஆனால் தன் காலத்தில் வீரத்தின் எல்லை என்று கொண்டாடப்பட்ட வேகத்தைப் பெண்கள் கடந்துவிட்டனர் என்பது மெய். இயலாமை என்று கூறப்பட்டது, வாய்ப்பின்மைக்கு இடப்பட்ட மாற்றுப் பெயராகவே இருந்துள்ளது.

வீழ்ந்த வேலிகள், எஞ்சிய வினா

ஏனைய வேலிகளும் ஒவ்வொன்றாய்ச் சாய்ந்தன. டாகெட் பந்தயத்தில் 1992ஆம் ஆண்டு முதன்முதலாக ஒரு பெண் கலந்துகொண்டார். 1818இல் தோன்றிய லியாண்டர் படகுச் சங்கம் 1998ஆம் ஆண்டில் பெண்களை உறுப்பினராக ஏற்றது. அரசின் லாட்டரி நிதி எவரையும் விலக்காத சங்கங்களுக்கே கிடைக்கும் என்பதும் அம்முடிவுக்கு ஒரு தூண்டுதலாயிற்று. ஹென்லி விழாவில் 1981, 1982ஆம் ஆண்டுகளில் அழைப்புப் போட்டிகளாகத் தோன்றி மறைந்த மகளிர் போட்டி, 1993இல் தனிப்படகுப் பந்தயமாக நிலைபெற்றது. இடைக்காலத்தில், 1988ஆம் ஆண்டு, பெண்கள் தமக்கெனத் தனிப் பந்தய விழா ஒன்றையே ஹென்லியில் ஏற்படுத்திக்கொண்டனர். 2021ஆம் ஆண்டு ஹென்லி அரச விழாவில் மகளிர்க்கு மூன்று புதிய போட்டிகள் சேர்க்கப்பட்டன. சிறப்பு அரங்கினுள் பெண்கள் முழங்காலுக்குக் கீழிறங்கும் பாவாடையே அணிய வேண்டும் என்ற உடைவிதி தளர்ந்து, காற்சட்டைக்கும் இடம் தரப்பட்டதும் அவ்வாண்டில்தான். டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆடவர்க்கு ஏழு, மகளிர்க்கு ஏழு என்று படகுப் போட்டிகள் சமமாயின. பல்கலைக்கழக ஆடவர் பந்தயத்துக்கு ஒரு பெண், சாரா விங்கிள்ஸ், முதன்முதலாக நடுவராக இருந்ததும் 2021இல் ஆகும். அப்பந்தயம் அவ்வாண்டு இலண்டனைவிட்டு ஈலி நகருக்கு அருகே நடந்தது. நோய்த்தொற்றும் ஹேமர்ஸ்மித் பாலத்தின் பழுதும் அதற்குக் காரணம். தேவை நேர்ந்தபோது இடத்தையே மாற்றிக்கொள்ளும் நெகிழ்ச்சி அம்மரபுக்கு இருந்தது.

ஹென்லியில் மகளிர் நால்வர் படகுப் போட்டிக்கான கோப்பை ஒன்று இளவரசி கிரேஸின் பெயரைத் தாங்குகின்றது. அவர் 1920ஆம் ஆண்டில் அவ்வாயிலில் மறுக்கப்பட்ட ஜான் கெல்லியின் மகள். செங்கல் அடுக்கியவரைத் திருப்பி அனுப்பிய விழா, அவர் மகளின் பெயரால் பெண்களுக்குப் பரிசளிக்கின்றது. இரு வேலிகளும் ஒன்றாயிருந்ததைப் போலவே, அவை வீழ்ந்ததன் நினைவும் ஒரு கோப்பையில் ஒன்றாகியுள்ளது.

எனினும் ஒரு வினா எஞ்சி நிற்கின்றது. இம்மாற்றங்களுள் சில புரவலரின் நிபந்தனையாலும் நிதியின் தேவையாலும் வந்தவை. அறவுணர்வு மட்டுமே அவற்றைக் கொணர்ந்திருந்தால் 1964இலேயே வந்திருக்கலாம். பணத்தால் வந்த சமன்மை பணம் விலகினால் நிலைக்குமா என்பது கருத வேண்டிய ஒன்று. அதற்கு விடை தரும் வலிமை, பழகிப்போன பார்வைக்கே உண்டு. 2015க்குப் பின் பட்னிக் கரையில் தந்தையின் தோளில் அமர்ந்து பந்தயம் பார்க்கும் சிறுமிக்கு, பெண்களின் படகு செல்வது புதுமையன்று. தான் கண்ட நாள் முதலாக நடப்பது. அவளைப் பொறுத்தவரை அதுவே மரபு.

மரபு கற்பிக்கும் ஆசிரியருக்கும் கற்கும் மாணவருக்கும் தேம்ஸ் ஆறு உணர்த்துவது இதுவே. ஒரு வழக்கத்தை மரபு என்று எவரேனும் காட்டும்போது, அது எந்நாள் முதல் வந்தது, எவருக்காக வகுக்கப்பட்டது, அதற்கு முன் என்ன இருந்தது என்று கேட்டறிதல் வேண்டும். இவ்வாறு கேட்பது மரபைப் பழிப்பதாகாது. பர்னிவால் பழைய ஏடுகளைப் பதிப்பித்ததும், பெண்களின் கையில் துடுப்பைக் கொடுத்ததும் அந்த ஒரே வினாவிலிருந்து பிறந்த பணிகளே.